காபிப் பாவு

பால் காய்ச்சிக் குடிவந்த அன்றைக்கே அந்த அக்கா என் பாத்திரத்தை மோந்து பார்த்தார். செவிலிமேட்டில் அது மாடி வைத்த வீடு. கீழ்ப் போர்ஷன் எங்களுக்கு, மாடி அவர்களுக்கு. வீடும் அவர்களுடையதுதான். வாழ்த்த வந்தவர் சாமி படத்தைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போனார். பொங்கி அடங்கியிருந்த பாலின் மேல் மூக்கைக் கொண்டுபோய் வைத்து, கண்ணை மூடி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"பாக்கெட்டா?"

"ஆமாங்க்கா."

"எந்த பாக்கெட்டு?"

பெயரைச் சொன்னேன். "ம்" என்றார். அந்த ஒரு 'ம்'மில் பால் கம்பெனி, அதை விற்ற கடைக்காரர், வாங்கி வந்த என் வீட்டுக்காரர், காய்ச்சிய நான் என்று எல்லோரும் கூண்டில் ஏறிவிட்டோம். பிறகு ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "எதுக்கும் ஒருவாட்டி மோந்து பாத்துட்டு ஊத்துமா. பாலு மூஞ்சி சரியில்ல" என்றார். பாலுக்கு மூஞ்சி உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நல்ல நாளும் அதுவுமாக இப்படிச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஒல்லியான உடம்பு. நைட்டி மேல் ஒரு பூத்துண்டு. அந்த முகத்தில் முதலில் கண்ணில் படுவது மூக்குதான். ஒற்றைக்கல் மூக்குத்தி போட்ட கூர்மையான மூக்கு. ஆண்டவன் மற்றவர்களுக்கு மூச்சு விட மூக்கு கொடுத்தான், இவருக்கு மட்டும் விசாரணை நடத்தக் கொடுத்திருக்கிறான் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். கோயில் பிரசாதத்தைக்கூட அக்கா விட்டுவைக்க மாட்டார். பொங்கலை உள்ளங்கையில் வாங்கி, நெய்யை ஒரு தரம் மோந்துவிட்டு, அப்புறம்தான் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவருடைய பக்தியில் குறை சொல்ல முடியாது. சாமி மேல் அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, நெய்க் கடைக்காரர் மேல்தான்.

போனில் 'அன்பான வாடிக்கையாளரே' என்று ஏதாவது செய்தி வந்தால் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார். "இத்த பாரு. எங்கம்மாவே என்னிய அன்பான்னு கூப்டதில்ல. இவன் யாரு?" என்பார். அழித்தாலும் திருப்தி வராது. அழித்த பிறகு அது எங்கே போகும் என்று கேட்பார். அதற்கு எனக்குப் பதில் தெரியாது, உங்களுக்குத் தெரிந்தால் அவருக்குச் சொல்லலாம்.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், சில சமயம் அவர் சொல்வது சரியாகப் போய்விடும். தண்ணீர் கேன் போடுகிறவர் சுத்திகரித்த தண்ணீர் என்று சொல்லி ஏதோ வீட்டு போரில் பிடித்துத் தருகிறார் என்று அக்கா வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நம்பவில்லை. அவருக்காக வாதாடக்கூடச் செய்தேன். ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில், எங்கள் தெரு முனையிலேயே, ஒரு தோட்டத்துக் குழாயில் அவர் கேன் நிரப்பிக்கொண்டு நிற்பதை நானே பார்த்தேன். அன்றைக்கு மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அக்கா சந்தோஷப்படவில்லை. "உங்கண்ணால பாத்தியா? அவருதான்னு தெரியுமா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்போது சந்தேகம் என் மேல் வந்திருந்தது.

அக்காவின் தங்கை ஐயம்பேட்டையில் இருந்தார். ஏனாத்தூர் கல்லூரிக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு காபிக் கடை நடத்தினார். நானும் அந்தக் கல்லூரி அலுவலகத்தில்தான் வேலை பார்த்தேன் என்பதால் அந்தக் கடை எனக்குப் பழக்கம். பிள்ளைகள் எல்லாம் கேரமல் காபி, ஹேசல்நட் காபி என்று கேட்கிறார்கள் என்று தங்கை சென்னையிலிருந்து ஒரு க்ரீமர் பாட்டில் வரவழைத்தார். காபியில் அதை இரண்டு கரண்டி ஊற்றினால் பாலும் சர்க்கரையும் வாசனையும் ஒன்றாக இறங்கிவிடும். ருசி பார்த்துச் சொல்லு என்று அந்தப் பாட்டிலை அக்காவிடம் கொடுத்திருக்கிறார். கொடுத்திருக்க வேண்டாம்.

அக்கா அதைக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தார். பாட்டில் மேல் ஒரு படம். காபிக் கோப்பைக்குள் வெள்ளை வெளேரென்று பால் போல ஏதோ வழிந்துகொண்டிருந்தது.

"பின்னாடி பொடி எழுத்துல இன்னா எழுதிக்கிறான், படி."

போனில் பெரிதாக்கிப் படித்தேன். தண்ணீர், சர்க்கரை, எண்ணெய், பிறகு வாயில் நுழையாத சில பெயர்கள். பால் இல்லாத தயாரிப்பு என்றும் போட்டிருந்தது.

"பாலே இல்லையா?"

"இல்லக்கா."

"பாலு ஊத்தற மாதிரி படம் போட்டிருக்கான்?"

"இல்லன்னு எழுதியும் வெச்சிருக்கான்க்கா. அவன் ஒண்ணும் ஏமாத்தல."

"எழுதி வெச்சிட்டுத் திருடினா திருட்டு இல்லன்னு ஆயிடுமா?" என்று கேட்டுவிட்டு, பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்து, மூடி, ஏதோ செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து பால் சுண்டுகிற வாசனை வந்தது.

அன்றிலிருந்து தங்கையின் கடைக்குக் க்ரீமர் அக்கா கையால்தான். பாலாற்றுப் பக்கம் எருமை வைத்திருக்கிற ஒருவரிடம் பால். கறக்கும்போது அக்கா பக்கத்திலேயே நிற்பார். மாட்டைவிட மாட்டுக்காரர்தான் மிரண்டு போயிருப்பார். வீட்டுக்கு வந்ததும் அடிகனமான பாத்திரத்தில் பாலை ஊற்றி, சிறு தீயில் வைத்து, ஓரத்தில் ஒட்டுகிற ஆடையை வழித்து வழித்து உள்ளே தள்ளிக்கொண்டே சுண்டக் காய்ச்சுவார். இன்னொரு அடுப்பில் இரும்புச் சட்டி. அதில் வெறும் சர்க்கரை, தண்ணீர் கிடையாது. சர்க்கரை இளகி, மஞ்சளாகி, தேன் நிறம் வந்து, அதற்கும் மேல் சிவக்கும். அப்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெந்நீரை ஊற்றுவார். சட்டி சீறி அடங்கும்.

"அரக்கு கலருக்கு ஒரு நூல் முந்தி ஊத்திடணும். வுட்டா கறுத்துடும், கசக்கும்" என்பார். காஞ்சிபுரத்தில் நிறத்துக்குப் பெயர் சொல்ல யாரும் அகராதிக்குப் போக வேண்டியதில்லை, சேலை பார்த்தாலே போதும். கேரமல் என்று தங்கை சொல்வதை அக்கா அரக்கு என்றார். கடைசியில் இந்தப் பாகைச் சுண்டிய பாலில் கலந்து, ஏலக்காயோ சுக்கோ தட்டிப் போட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, வெந்நீரில் கொதிக்க வைத்த கண்ணாடிப் பாட்டில்களில் நிரப்புவார்.

பாகு என்று நான் எழுதுகிறேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் அப்படி யாரும் சொல்வதில்லை. 'ஆகும்' எங்களுக்கு 'ஆவும்', 'போகும்' எங்களுக்கு 'போவும்'. பாகு எங்களுக்குப் பாவு. சர்க்கரைப் பாவு, வெல்லப் பாவு. அந்தக் க்ரீமருக்கும் அக்கா வைத்த பெயர் பாவுதான். ஆனால் இந்த ஊரில் பாவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேறு. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகளுக்கும் பாவு என்றுதான் பெயர். சாயம் ஏற்றி, ஒழுங்குபடுத்திச் சுற்றிய ஒரு பாவு கையில் இருந்தால் அதிலிருந்து சேலைகள் நெய்து எடுக்கலாம். பட்டாயிற்றே, நகை போலத்தான் அதைப் பூட்டி வைப்பார்கள்.

ஒருமுறை நாட்டு வெல்லத்துக்குத்தான் இப்போது கிராக்கி என்று தங்கை சொன்னதைக் கேட்டு, அக்கா கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டார். பால் திரிந்து தண்ணீர் வேறு கட்டி வேறாக நின்றது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு நேராக எருமைக்காரரிடம் சண்டைக்குப் போனார். வெல்லத்தைக் கொதிக்கிற பாலில் போட்டால் திரியாமல் என்ன செய்யும் என்று அவர் கேட்டிருக்கிறார். திரும்பி வந்த அக்காவிடம் என்ன ஆச்சு என்றேன். "எனக்கு வெல்லக் கடக்காரன் மேலதான் சந்தேகமா இருக்குது" என்றார்.

இன்னொரு முறை வாசனைக்குப் பச்சைக் கற்பூரம் போட்டார். வேண்டாம்க்கா என்று சொல்லிப் பார்த்தேன். ஏன், பாயசத்துல போடலையா, லட்டுல போடலையா என்றார். அன்றைக்கென்று கிராமத்திலிருந்து அவருடைய பெரியப்பா ஒருவர் வந்திருந்தார். அந்தக் காபியை வாசலிலேயே அவர் கையில் கொடுத்தோம். மனிதர் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். காலில் கிடந்த செருப்பைக் கழற்றினார். பயபக்தியோடு குடித்தார். அடியில் இருந்த கடைசித் துளியை உள்ளங்கையில் விட்டுத் தலையில் தடவிக்கொண்டார். பெருமாள் கோயில் தீர்த்தம் என்றே நினைத்துவிட்டார் பாவம். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பின்கட்டுக்கு ஓடினேன். அக்கா சிரிக்கவில்லை. "கற்பூரம் தூக்கலாயிடுச்சி. இல்ல, குடுத்தவன் வேற எதனா கலந்துட்டானா?" என்று டப்பாவை மோந்துகொண்டிருந்தார்.

அக்காவின் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிடுவேன். சத்தம் இல்லாத மனிதர். படி ஏறினால் செருப்பு ஓசைகூடக் கேட்காது. ஊருக்குள் ஒரு பட்டு முதலாளியின் கடையில், நெசவாளர்களுக்குப் பட்டும் பாவும் எடை போட்டுக் கொடுக்கிற வேலை. அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. க்ரீமர் பாட்டில் கண்ணில் பட்டால் நின்றபடியே இரண்டு வாய் குடித்துவிடுவார். அதனால் அக்கா அவர் கண்ணில் படாமல் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், கீரைக்கட்டுக்குக் கீழே ஒளித்து வைப்பார். அப்படியும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்.

"குடிச்சீங்களா?" என்று அக்கா கேட்பார்.

"ரெண்டு முழுங்கு."

அவ்வளவுதான் விசாரணை. அக்காவின் மூக்கு நீளாத ஒரே ஆள் அண்ணன்தான். அவர் எத்தனை மணிக்கு வந்தார், ஏன் நேரம் ஆயிற்று, சட்டைப் பையில் என்ன என்றெல்லாம் அக்கா கேட்டு நான் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் நான் கேட்கிற கேள்விகளை நினைத்து எனக்கே வெட்கமாக இருக்கும்.

ஒரு மாலை ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். நானும் அக்காவும் ஒரு பக்கம். எதிரே பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஆள். அக்காவுக்குப் போன் வந்தது. தங்கைதான். ஆட்டோ சத்தத்துக்கு மேல் அக்கா கத்திப் பேசினார்.

"ஆமாண்டி, ரெண்டு பாவு ரெடியா இருக்குது. ஒண்ணு சூப்பரா அரக்கா வந்துக்குது. இல்லடி, அவருக்குத் தெரியாது. கண்ணுல படாத எடமாப் பாத்து ஒளிச்சி வெச்சிருக்கேன். அவரு கடைக்குப் போனப்பறம் நீ வந்து எடுத்துக்கினு போயிடு. ஆமா, வெளில யாருக்கும் சொல்லிக்கினு இருக்காத."

எதிரே இருந்த ஆள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவோடு பழகிப் பழகி எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டிருந்தது. என் சங்கிலியைத்தான் பார்க்கிறான் என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அதற்குச் சில நாள் கழித்து நான் லீவு போட்டிருந்தேன். மாடியில் அக்காவுக்கு ஏலக்காய் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் படியேறி வந்தார். இன் செய்த வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் ஹெல்மெட். முன்பின் பார்த்திராத முகம்.

"கடையிலருந்து வர்றேன்மா" என்றார்.

எந்தக் கடை என்று அக்கா கேட்டிருக்க வேண்டும். ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்கிற பெண் அன்றைக்குக் கேட்கவில்லை. அந்த வாரம்தான் தங்கை, காபிக் கடைகளில் அதிகாரிகள் சோதனை போடுகிறார்கள், லைசென்ஸ் கேட்கிறார்கள் என்று போனில் புலம்பியிருந்தார். தங்கையின் கடையைச் சோதித்துவிட்டு அங்கிருந்து இங்கே வந்திருக்கிறார்கள் என்று அக்கா முடிவே கட்டிவிட்டார். நைசாக நகர்ந்து அடுப்படி வாசலை மறைத்து நின்றார்.

"வீட்ல பாவு வெச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டோம்."

"பாவா? இன்னா பாவு? அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

"இல்லம்மா, ஒளிச்சி வெச்சிருக்கீங்கன்னு நம்பிக்கையான ஆளு சொன்னாரு. நீங்களே எடுத்துக் குடுத்துட்டா பிரச்சினை இல்லாம முடிச்சிக்கலாம்."

"சார், சத்தியமா வெளில விக்கறதுக்கு இல்ல சார். வீட்டு உபயோகத்துக்குதான் கொஞ்சூண்டு."

வந்தவர் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். "அப்ப இருக்குது."

"எல்லாரும் வெச்சிருக்கறதுதான சார்? இதுக்குப் போயி இன்னா சார் கேசு?"

"எல்லாரும் வெச்சிருக்கறதா? ஏம்மா, தறியே இல்லாத வீட்ல பாவுக்கு இன்னா வீட்டு உபயோகம்?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "காபிக்கு எதுக்கு சார் தறி?"

அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. ஏலக்காய்த் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். "சார், நீங்க எந்தக் கடை?" என்று கேட்டேன். அண்ணன் வேலை செய்கிற பட்டுக் கடையின் பெயரைச் சொன்னார். புதிதாக வந்த மேனேஜராம். கடையில் இரண்டு பட்டுப் பாவு காணவில்லை. ஷேர் ஆட்டோவில் இந்தம்மா பாவு பற்றிப் பேசியதைக் கேட்ட ஒரு நெசவாளி, அண்ணன் வீட்டம்மா என்று அடையாளம் தெரிந்து போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாளே அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி, போலீசில் எழுதிக் கொடுப்பது என்று முதலாளி சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் ஒருதரம் வீட்டில் கேட்டுவிட்டு வா என்று இவரை அனுப்பியிருக்கிறார்.

அக்காவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. "எம் புருசனையா? எம் புருசனையா திருடன்னு சொல்ல வந்த?" என்று அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். பீரோவைத் திறந்து காட்டினார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார். பரணில் இருந்ததை எல்லாம் இழுத்துப் போட்டார். அண்ணனின் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிக் காட்டினார். "பாரு. நல்லாப் பாரு. இன்னைக்கே பாத்துட்டுப் போ. நாளிக்கு வந்து அந்த மூலைல பாக்கலன்னு சொல்லாத." அந்த மனிதர் போதும்மா போதும்மா என்று கெஞ்சுகிற நிலைக்கு வந்துவிட்டார். கடைசியில் கீரைக்கட்டை விலக்கி இரண்டு பாட்டில்களை எடுத்து மேசை மேல் வைத்தார். "இதான் பாவு. இதான் அரக்கு. புடி. ஸ்டேசன்ல குடு."

எனக்கு அக்காவின் மேல் அன்று வந்த பிரியம் இன்று வரை குறையவில்லை. அவ்வளவு கோபத்திலும் டிகாஷனில் பாட்டிலைச் சாய்த்து அந்த ஆளுக்கே ஒரு காபி போட்டுக் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்தார். பாட்டிலைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். புரையேறிக் கண்ணில் தண்ணீர் வர வர அடக்க முடியாமல் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அரக்குல ஒண்ணு, கிளிப்பச்சைல ஒண்ணு, ரெண்டும் காணோம். ஆட்டோல கேட்ட ஆளு ரெண்டு பாவு, ஒண்ணு அரக்குன்னு கரெக்டா சொல்லவும் நாங்க நம்பிட்டோம். முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன். இனிமே அண்ணன் மேல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

சொன்னபடியே அங்கேயே நின்று போன் செய்து முதலாளியிடம் பேசினார். மறுமுனையில் முதலாளி சிரித்தது எங்களுக்கே கேட்டது. மேனேஜர் கும்பிட்டுவிட்டுப் போனார். நாங்கள் இரண்டு பேரும் கலைந்து கிடந்த வீட்டை ஒழுங்குபடுத்தினோம். நான் தறியையும் காபியையும் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா தீர்த்தம் குடித்த கதையை ஊருக்கெல்லாம் சொன்னது போல இதையும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. டம்ளர் எப்போதோ கழுவியாகிவிட்டது.

"ஏம்மா, பச்சைன்னு சொன்னாரு இல்ல?"

"யாரு?"

"இப்ப வந்த ஆளு. கிளிப்பச்சைன்னு சொன்னாரு."

"ஆமா, சொன்னாரு."

"அரக்கு நான் சொன்னது. ஆட்டோல வாய வெச்சிக்கினு சும்மா இல்லாம நாந்தான் சொன்னேன். பச்சை எங்கருந்து வந்துது? சர்க்கரைப் பாவு எங்கனா பச்சையா இருக்குமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எங்கள் கூத்தில் நாங்கள் எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டோம். ஆட்டோவில் கேட்டது தப்பு, அக்காவின் பாட்டிலில் இருந்தது சர்க்கரை, அதெல்லாம் சரி. ஆனால் கடையில் இரண்டு பட்டுப் பாவு நிஜமாகவே காணாமல் போயிருந்தது. அது எங்கே என்று இனிமேல் கேட்கவும் யாரும் வரப்போவதில்லை.

அக்கா குழாயை மூடினார். "கடைல பாவு வெக்கற ரூமு சாவி ரெண்டுதான். மொதலாளிகிட்ட ஒண்ணு" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் ஏதேதோ சொன்னேன். நெசவாளர்களில் யாராவது எடுத்திருக்கலாம், எண்ணிக்கையில் தப்பு வந்திருக்கலாம், வேறு அலமாரியில் இருக்கலாம். அவருடைய வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். ஊரில் இருக்கிற ஒவ்வொருவர் மேலாகச் சந்தேகத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை அண்ணன் வழக்கத்துக்கு மாறாகச் சத்தமாகப் படியேறினார். கடையில் எல்லோரும் அவரைக் காபிப் பாவு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம். முதலாளியே தோளில் தட்டி, இத்தனை வருசம் பழகியும் உன்னைச் சந்தேகப்பட்டுட்டேனே என்று வருத்தப்பட்டாராம். வாசலில் நின்று என்னிடம் அதை இரண்டு தரம் சொன்னார். நன்றாகத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குற்றம் கண்டுபிடிக்க நான் எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை. இப்போது நினைத்தாலும் முடியவில்லை.

மாடியில் அக்கா கேட்கப் போகிறார் என்று நான் கீழே காத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டே காத்திருந்தேன். பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. சோறு போடுகிற சத்தம் கேட்டது. கேள்வி மட்டும் வரவே இல்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரமும் இல்லை. அதே அக்கா காலையில் கீரைக்காரம்மாவிடம் கட்டு ஏன் ஈரமாக இருக்கிறது என்று வழக்கம்போலச் சண்டை போட்டார். கேஸ் சிலிண்டரை உருட்டிப் பார்த்தார். என் பாலை மோந்து பார்த்தார். மற்றவர்கள் மேல் அவருடைய சந்தேகம் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமானது போலக்கூட இருந்தது.

ஒரே ஒரு மாற்றம்தான். க்ரீமர் பாட்டிலை ஒளித்து வைப்பதை நிறுத்திவிட்டார். ஃப்ரிட்ஜைத் திறந்தால் முதல் தட்டிலேயே நிற்கும். நான் ஐஸ் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். அண்ணன் அதைத் தொடுவதில்லை. சர்க்கரைக்குப் பயந்து விட்டுவிட்டாரோ என்னவோ. எனக்குத்தான் அதைப் பார்க்கப் பார்க்க ஏதோ செய்தது.

என் வீட்டுக்காரருக்கு வேலூர்ப் பக்கம் வேலை மாறி, நாங்கள் வீட்டைக் காலி செய்கிற நேரம் வந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனேன். அக்கா இரும்புச் சட்டியின் முன் நின்றுகொண்டிருந்தார். சர்க்கரை இளக ஆரம்பித்திருந்தது. அண்ணன் வெளியே போயிருந்தார். ஊரை விட்டுப் போகப்போகிற தைரியத்தில் நான் கேட்டுவிட்டேன்.

"ஏன்க்கா, அன்னைக்கு அப்புறம் நீங்க அண்ணனை அதப்பத்தி கேக்கவே இல்லையா?"

அக்கா கரண்டியை நிறுத்தவில்லை. கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன், கோபிக்கவும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் சந்தேகம் என்று எதுவுமே இல்லை.

"கேட்டா சொல்லிடுவாரும்மா" என்றார். "அதான் கேக்கல."